பழமை வேறு, பழுது வேறு

ஒரு பொருளைக் குறை கூறவேண்டுமாயின், அதன் குற்றம் யாதென்று ஆராய வேண்டியதில்லை. அதன் வயதைச் சொன்னாற் போதும் என்றொரு நிலை நம்மிடையே வந்துவிட்டது. "அது பழசு" என்கிறோம். அத்துடன் வழக்கு முடிந்துவிடுகிறது. சாட்சியும் இல்லை, விசாரணையும் இல்லை, தீர்ப்பு மாத்திரம் உண்டு. பழசு என்று தமிழிற் சொல்லக் கூசுவோர் ஆங்கிலத்தின் துணையை நாடுகின்றனர். 'ஓல்ட் பாஷன்', 'அவுட் ஒவ் டேற்' என்பன யாழ்ப்பாணத்துச் சந்தையிலும் கலியாண வீட்டிலும் பாடசாலை ஆசிரியர் அறையிலும் தாராளமாக நடமாடுகின்றன. வீட்டுக்கு ஒரு படலை, உடுக்க ஒரு சேலை, பிள்ளைக்கு ஒரு பெயர், பேச ஒரு சொல் எதுவாயினும் சரி. இந்த அடைமொழி வந்து ஒட்டிக்கொண்டால் அதன் ஆயுள் முடிந்தது என்றே கொள்க.

இலக்கண நூலார் அடைமொழியை இனமுள்ளது, இனமில்லாதது என இருவகைப்படுத்துவர். செந்தாமரை என்றவிடத்துச் செம்மை, வெண்டாமரையிலிருந்து அதனைப் பிரித்துக் காட்டுகிறது. செஞ்ஞாயிறு என்றவிடத்துப் பிரித்துக்காட்ட வேறொரு ஞாயிறு இல்லை. ஆயினும் ஞாயிற்றின் நிறத்தையேனும் அவ்வடை நமக்குச் சொல்லுகிறது. நம் காலத்துப் 'பழசு' இவ்விரண்டினுள்ளும் அடங்காது. அது இனத்தையும் சுட்டுவதில்லை. பொருளின் தன்மையையும் சுட்டுவதில்லை. சொல்பவருடைய மனத்தைச் சுட்டுகிறது. பொருளுக்கு அடையாக வந்து, பேசுவோருக்கு அடையாளமாகிவிடுகிறது. இத்தகைய சொல்லை அடைமொழி என்பதினும் வசைமொழி என்பது பொருந்தும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழசு என்றால் முகஞ்சுளிக்கும் அதே அன்பர், தாம் கற்ற கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தில் தலைவராயிருப்பதைப் பெருமையாகக் கருதுவார். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் அச்சங்கத்துக்குக் கிளைகள் உண்டு. அங்கே 'பழைய' என்பதை எடுத்துவிட்டுப் 'புதிய மாணவர்' என்று எழுதச் சொன்னால் அவர் சம்மதிக்கமாட்டார். ஆகவே சொல்லிற் குற்றமில்லை. ஒரே சொல் ஓரிடத்தில் மாலையாகவும் மற்றோரிடத்தில் விலங்காகவும் விழுகிறதென்றால், விழுத்துகின்ற கையைத்தான் கவனிக்கவேண்டும்.

கடன் வாங்கிய நாணயம்

நாம் கடன் வாங்கும் ஆங்கில அடைமொழிகளின் வரலாற்றையும் சிறிது பார்ப்போம். கடன் வாங்குகிறவன் நாணயத்தைத் தட்டிப் பார்ப்பது முறையல்லவா?

'ஷாபி' என்பது நைந்து பொலிவிழந்ததைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அதன் வேர், புண்ணின்மேற் படியும் பொருக்கையும் சொறியையும் குறித்த பழஞ்சொல்லொன்று. நோயைக் குறித்த சொல் உடையைக் குறிக்க வந்தது. உடையோடு நில்லாமல் உடுத்தவனையும் பற்றிக்கொண்டது. அப்பால் அவன் நடத்தைக்கும் பெயராயிற்று. இன்று ஆங்கிலத்தில் ஒருவன் மற்றொருவனைக் கீழ்மையாக நடத்தினால் அதற்கும் இந்த அடைமொழியே வழங்குகிறது. ஏழையின் சட்டை நைந்திருந்தால் அவன் குணமும் நைந்திருக்கும் என்று கருதுகின்ற ஒரு சமூகத்தின் மனப்பான்மை இச்சொல்லினுள் உறைந்து கிடக்கிறது. அதனை அறியாமலே நாம் எடுத்து வழங்குகிறோம்.

'குவெயின்ற்' என்பது இன்னொன்று. 'அறியப்பட்டது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வந்த காலத்தில் அறிவு நுட்பமும் கைத்திறனும் உடையதை அது குறித்தது. இன்றோ, பழமையும் விநோதமும் கலந்து, பார்ப்பவருக்குச் சிறிது சிரிப்பூட்டுவதைக் குறிக்கிறது. 'அன்ரீக்' என்பதும் கோமாளியின் கூத்தைக் குறிக்கும் 'அன்ரிக்' என்பதும் 'முன்னையது' என்று பொருள்படும் ஒரே இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் விலைச்சீட்டுடன் அமர்ந்திருக்கிறது. மற்றையது தெருவிற் கரணம் போடுகிறது. உடன்பிறந்தாருக்குள் இத்தனை ஏற்றத்தாழ்வு!

'கொதிக்' என்னும் சொல்லின் கதை இவற்றினும் சுவையுடையது. ஐரோப்பாவின் இடைக்காலத்துக் கூர்வளைவுக் கோயில்களைக் கண்டு வெறுத்த இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்தறிஞர், உரோமப் பேரரசைச் சூறையாடிய கொத் என்னும் இனத்தாரின் பெயரால் அவற்றைக் காட்டுமிராண்டிக் கட்டிடங்கள் என்று இகழ்ந்தனர். இகழ்ந்து சில நூற்றாண்டுகள் கழிந்தன. 1834 ஆம் ஆண்டில் இலண்டன் பாராளுமன்றக் கட்டிடம் தீயில் அழிந்தபோது, அதனை மீண்டும் எந்தப் பாணியில் எழுப்பினர்? அந்தக் 'கொதிக்' பாணியிலேதான். கல்லும் வளைவும் மாறவில்லை. காண்போர் கண் மாறியது, வசையே வரிசையாயிற்று.

'வின்ரேஜ்' என்னும் சொல்லை இப்பொழுது நம் இளைஞரும் விரும்பி வழங்குகின்றனர். அதன் முதற்பொருள் திராட்சை அறுவடை. இன்ன ஆண்டின் அறுவடையிற் பிழிந்த மது என்று குறிக்க வந்த சொல், நாளடைவில், காலத்தால் மதிப்புயர்ந்த எதற்கும் பெயராயிற்று. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைப் 'பழைய தகரம்' என்று ஏளனம் செய்தவர் பலர். 1990 களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் கிடையாத நிலையில், மண்ணெண்ணெயைக் குடித்து நோயாளரையும் பிரசவப் பெண்களையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்தவை அந்தப் பழைய தகரங்களே. மின்சாரம் அற்ற வீடுகளிற் குப்பிவிளக்கு எரிந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியிற் செய்தி கேட்டோம். பழசு என்று மூலையில் ஒதுக்கியது, புதியது கைவிட்ட நாளில் முன்வந்து உதவியது. இன்று அதே கார்களை 'வின்ரேஜ்' என்று மெருகிட்டு மணமக்களை ஏற்றுகின்றனர். நல்லதே. ஆனால் அவற்றின் பெருமை அந்த ஆங்கிலச் சொல் வந்தபின் உண்டானதன்று.

பசலியும் கர்நாடகமும்

ஆங்கிலேயரை மாத்திரம் சொல்லிப் பயனில்லை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளின் வழியாக நமக்கு வந்த வசைகளும் சில உள. 'பத்தாம்பசலி' அவற்றுள் ஒன்று. பசலி என்பது முகலாயப் பேரரசர் அக்பர் காலத்தில், 16 ஆம் நூற்றாண்டில், நிலவரிக் கணக்குக்காக ஏற்பட்ட ஆண்டுமுறை. அறுவடைக் காலத்தைக் குறிக்கும் அரபுச் சொல் அதற்கு வேர். சென்னை மாகாணத்து வருவாய்க் கணக்கில், கிறிஸ்து ஆண்டிலிருந்து 590 ஐக் கழித்தாற் பசலி ஆண்டு வரும். எனவே எண்ணைப் பார்த்தால், பத்தாம் பசலி கி.பி. 600 அளவில் விழவேண்டும். கணக்கு முறையே பிறவாத காலம் அது! எவரும் கணக்கெழுதாத ஓர் ஆண்டிலே ஒரு மனிதரைப் பிறப்பித்து, "நீ அந்தக் காலத்து ஆள்" என்று நகைக்கிறோம். யாழ்ப்பாணத்து நிலவரிக்குப் பசலிக் கணக்கு இருந்ததுமில்லை. வரி இல்லாத ஊருக்கு வசை மாத்திரம் வந்து சேர்ந்தது.

இங்கே ஒன்றை ஒப்பிட்டு நோக்குக. வின்ரேஜும் அறுவடையிற் பிறந்த சொல். பசலியும் அறுவடையிற் பிறந்த சொல். மேனாட்டு அறுவடை புகழாயிற்று. கீழ்நாட்டு அறுவடை இகழாயிற்று. 'கர்நாடகம்' என்பதும் இவ்வாறே. சங்கீதத்துக்கு அடையாக வந்தால் தலை வணங்குகிறோம். ஆளுக்கு அடையாக வந்தால் தலை குனியச் செய்கிறோம். பழமையைக் குறித்த அடைமொழிகள் பொருளின் நிறையைக் காட்டும் தராசு அல்ல, அவ்வக்காலத்து மதிப்புக்கேற்பச் சாயும் துலாக்கோல் என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டுமோ?

நம் மொழி என்ன சொல்கிறது?

தமிழ் இவ்விடயத்தில் வறிய மொழியன்று. கெட்டதைக் கெட்டது என்று சொல்லவும், அது எவ்வாறு கெட்டது என்று விளக்கவும் நம்மிடம் தனித்தனிச் சொற்கள் உள்ளன. சீலை நைந்தது என்போம்; மேலும் நைந்தாற் கந்தல் என்போம். மரம் உளுத்தது, மண்ணோடு கிடந்து உக்கியது. இரும்பு கறள் பிடித்தது. ஏடு செல்லரித்தது. கயிறு இற்றது. சாயம் வெளிறியது. சுவரிற் காரை பெயர்ந்தது. கறி ஊசிப்போயிற்று. எண்ணெய் காறியது. இச்சொற்கள் ஒவ்வொன்றும் பொருளைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிய சொல். குற்றத்தை மாத்திரமன்றி, அதற்குரிய பரிகாரத்தையும் அவை குறிப்பாய் உணர்த்துகின்றன. கறள் பிடித்ததைத் தேய்க்கலாம், காரை பெயர்ந்ததைப் பூசலாம், உக்கியதை உரமாக்கலாம். 'பழசு' என்று சொல்லிவிட்டால் எறிவது ஒன்றே வழி. நுணுக்கமான பத்துச் சொற்களை விட்டுப் பருமட்டான ஒரு சொல்லைப் பற்றிக்கொள்வது நாகரிகமன்று, சோம்பல்.

இவை பழுதின் சொற்கள். பழமையின் சொற்கள் வேறு. திருவள்ளுவர் எண்பத்தோராம் அதிகாரத்துக்குப் 'பழைமை' என்று பெயரிட்டார். அதன் பொருள் கிழத்தன்மையுமன்று, கந்தலுமன்று. நெடுநாட் பழகிய நண்பர் உரிமையாற் செய்வதைப் பொறுத்து ஏற்கும் பண்பையே அவர் அப்பெயராற் குறித்தார். நட்பை ஆராய்ந்து கொள்ளும் அதிகாரத்தை முன்னும், தீ நட்பை விலக்கும் அதிகாரத்தைப் பின்னும் வைத்து நடுவிலே பழைமையை வைத்தது பொருள் பொதிந்த வைப்பு. ஆராய்ந்து கொண்டபின் பழமை பாராட்டுக; ஆயினும் தீயது பழகியதாயினும் விடுக என்பது அம்முறை வைப்பினாற் பெறப்படும்.

தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டினைக் கூறுகின்றார். அவற்றுள் ஒன்று தொன்மை; மற்றொன்று விருந்து. பழங்கதையைப் பொருளாகக் கொண்டு உரையொடு கலந்து வருவது தொன்மை; புதுமுறையிற் புனைவது விருந்து. இரண்டும் வனப்பு, அஃதாவது அழகு. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள்; புதிதாய் வந்தவர் என்னும் கருத்திலேதான் வீட்டுக்கு வருபவரை விருந்து என்றோம். பழமையை வீட்டுக்காரராகவும் புதுமையை விருந்தினராகவும் கண்ட மொழி இது. விருந்தினரை உபசரிப்பதற்காக வீட்டுக்காரரை வெளியேற்றுவார் உலகில் உண்டோ?

யாழ்ப்பாணத்தாருக்கு இன்னும் நெருங்கிய சொல் ஒன்று உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707 ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் நமது நாட்டு வழமைகளைத் தொகுத்து எழுதினார். ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். அதுவே தேசவழமை. அதிலே சொத்துக்கள் முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனப் பகுக்கப்பட்டுள்ளன. முதுமை என்னும் பண்போடு சொத்து என்னும் பொருளுடைய சொம் சேர்ந்தது முதுசொம். தாமே தேடியது தேட்டம். முன்னோரிடமிருந்து இறங்கி வந்தது முதுசொம். முதுசொத்தை 'ஓல்ட் பாஷன்' என்று சொல்லி வேண்டாமென்று எழுதிக்கொடுத்த யாழ்ப்பாணத்தாரை நான் அறியேன். காணி விடயத்தில் இத்தனை தெளிவுடைய நாம், மொழியிலும் கலையிலும் வாழ்க்கை முறையிலும் வந்த முதுசொத்தை மாத்திரம் எடை பாராமல் எறிந்துவிடுகிறோம்.

எறிந்தவையும் எஞ்சியவையும்

இது சொல்லாராய்ச்சியோடு முடிகின்ற விடயமானால் இத்தனை தூரம் எழுத வேண்டியதில்லை. ஓர் அடைமொழி எதனை இழப்பிக்கும் என்பதற்கு நம் இலக்கிய வரலாறே சாட்சி. 1880 ஆம் ஆண்டிலே கும்பகோணத்தில், சேலம் இராமசுவாமி முதலியார் உ. வே. சாமிநாதையரைச் சந்தித்தார். ஐயர் தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் முதலியவற்றை வரிசையாகச் சொன்னார். முதலியார் அவற்றால் நிறைவடையவில்லை. இவற்றுக்கு முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். 'பழைய' என்னும் அடைமொழி அந்த வினாவில் வந்தவிதத்தைப் பாருங்கள். இகழ்ச்சியாக அன்று, தேட்டமாக வந்தது. அந்த ஒரு வினாவின் பயனாக 1887 இற் சீவக சிந்தாமணி அச்சேறியது. அதன்பின் சங்கத் தமிழ் உலகம் திறந்தது.

அதே காலத்தில் நமது சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்தார். அவர் கைப்பட்ட ஏடுகளில் எத்தனையோ செல்லரித்தவை, முறிந்தவை, தொட்டால் உதிர்பவை. அவை பழுதுற்றவை, ஆனால் அவற்றிலிருந்த நூல்கள் பழுதுற்றவை அல்ல. ஏட்டின் பழுதையும் நூலின் பழமையையும் வேறு பிரித்து அறிந்தமையே அப்பெரியாரின் பெருமை. வேறு பிரித்து அறியாதவர் 'பழைய குப்பை' என்று ஆற்றில் விட்டவையும் அடுப்பில் இட்டவையும் எத்தனை என்று கணக்கிடுவார் இல்லை. 1981 ஆம் ஆண்டிலே நமது பொது நூலகத்தில், ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் எரியூட்டப்பட்டதை நாம் மறவோம், மறக்கவும் கூடாது. ஆனால் பிறர் வைத்த தீயை நினைந்து வருந்தும் நாம், நம் வீட்டுப் பரணிலே செல்லுக்கு இரையாக விட்டவற்றையும் நினைத்தல் வேண்டும்.

வீடுகளை எடுத்துக்கொள்வோம். நடுவே முற்றமும் நாற்புறமும் தாழ்வாரமும் அமைந்த நாற்சார் வீடு, வெயிலும் காற்றும் அறிந்து கட்டப்பட்டது. தெருவில் நடப்போர் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கும்படி கூரையிட்ட சங்கடப்படலை, வீட்டுக்காரரின் பண்பை வாசலிலேயே சொல்லியது. அவை 'பழசு' ஆயின. நிலையும் கதவும் தூணும் விறகு விலைக்குப் போயின. வாங்கிய வியாபாரி அவற்றைத் துடைத்து, மெருகிட்டு, 'அன்ரீக்' என்று பெயரிட்டு விற்கிறார். நமது பழசு அவருக்கு அன்ரீக். மரம் ஒன்றே, அடைமொழி இரண்டு, இரண்டுக்கும் இடையிலுள்ள இலாபம் அவருடையது. மூக்குப்பேணிக்கும் இதே கதை. அடைமொழியைத் தவறாய்ச் சொன்னதற்கு நாம் செலுத்திய அபராதம் இது.

பேச்சைப் பாருங்கள். அ, இ, உ என்னும் மூன்றும் சுட்டெழுத்து என்று தொல்காப்பியரும் வகுத்தார், நன்னூலாரும் வகுத்தார். தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச்சுட்டு வழக்கு வீழ்ந்தது. அங்கே மாணவர் அதனை இலக்கண நூலிற் கற்கின்றனர். இங்கே நம் ஆச்சி அடுப்படியில் நின்று, "உதை எடுத்துத் தா மோனை" என்கிறாள். அருகிலும் அன்றி, தொலைவிலும் அன்றி, கேட்போன் பக்கத்தில் இருப்பதைச் சுட்ட, 'உது' என்னும் இதனினும் நேர்த்தியான சொல் உண்டோ? ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக உயிரோடு இருந்துவரும் அச்சொல்லை, தொலைக்காட்சித் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை நாட்டுப்புறம் என்று நாணுகிறது. ஆசிரியர் சிலரும் கொச்சை என்று திருத்துகின்றனர். 'பேந்து' என்றால் நகைப்பு. அது 'பெயர்ந்து' என்பதன் திரிபு என்று சொல்வாரில்லை. 'ஏலாது' என்றால் நகைப்பு. அது 'இயலாது' என்பதன் திரிபு என்று சொல்வாரில்லை. இச்சொற்கள் நைந்தனவா? இல்லை. பொருள் விளங்காமற் போயினவா? இல்லை. வழக்கொழிந்தனவா? அதுவும் இல்லை, நாள்தோறும் வழங்குகின்றன. பின் இவற்றின் குற்றம் யாது? நமக்கு இவற்றைப் பேச வெட்கம் வந்துவிட்டது என்பது ஒன்றே. வெட்கம் நம்முடையது, பழி சொல்லினுடையது.

சொற்கள் மறையவே கூடாது என்பது என் வாதமன்று. ஒல்லாந்தர் தந்த 'கந்தோர்' என்னும் சொல் என் பாட்டனார் காலத்தில் அதிகாரத்தின் பெயர். இன்று அதனைச் சொல்வோர் அருகினர். அலுவலகம் வந்து அமர்ந்துவிட்டது. அதற்காக நான் கண்ணீர் வடிக்கவில்லை. காலம் மாறுங்கால் சில சொற்கள் நீங்குதலும் சில சொற்கள் வந்து சேர்தலும் குற்றமாகா என்று நன்னூலார் நமக்கு முன்பே சொல்லிவிட்டார். ஆனால் அவர் சொன்னது காலத்தின் இயல்பான நடையை. வெட்கத்தினாற் பிடித்துத் தள்ளுவதை அன்று. தானாக உதிரும் பழுத்த ஓலை வேறு. குருத்தோலையை வெட்டி வீழ்த்துவது வேறு. பனை நாட்டாருக்கு இதனை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

மறுபக்கம்

இதுவரை கூறியதை வாசித்து, "பண்டிதர் பழமைக்கு வக்காலத்து வாங்குகிறார்" என்று மகிழ்கின்றவரும் இருக்கலாம், சினப்பவரும் இருக்கலாம். இருவருக்கும் ஒன்று சொல்வேன்.

நம் நாட்டிலே தேநீர்க் கடையில் ஒருசாராருக்கு வேறு பேணி என்ற வழமை இருந்தது. கோயில் வாயிலில் அவர்களைத் தடுத்து நிறுத்தும் வழமை இருந்தது. 1957 ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தபின்னும் அவை ஒழியவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் நின்று போராட வேண்டியிருந்தது. தடுத்தவர் சொன்ன நியாயம் என்ன? "இது பழைய வழமை" என்பதே. அவர்களுக்குப் 'பழைய' என்பது கேடயமாயிற்று.

இக்கொடுமையை 'அவுட் ஒவ் டேற்' என்று சொல்லிக் கண்டிப்பாரும் உளர். அது போதாத கண்டனம். ஒருவகையில் அபாயமான கண்டனமுங்கூட. காலங்கடந்தது என்று சொன்னால், ஒரு காலத்தில் அது சரியாயிருந்தது என்று ஒப்புக்கொண்டதாகும். நாளைக்குக் காலம் மாறி அது மீண்டும் நாகரிகமானால் என்ன சொல்வது? கொதிக் திரும்பி வந்தது போல அதுவும் திரும்பி வரட்டும் என்பதா? மனிதனை மனிதன் இழிவுசெய்தது அன்றும் அநீதி, இன்றும் அநீதி. அதற்கு வயது ஒரு குற்றமுமன்று. வயது ஒரு மன்னிப்புமன்று.

உமாபதி சிவாசாரியர் 14 ஆம் நூற்றாண்டிலே சிவப்பிரகாசத்தில் அவையடக்கம் கூறுமிடத்து இதனைத் துணிந்து சொன்னார். தொன்மையுடையது என்பதனால் மாத்திரம் ஒன்று நன்றாகிவிடாது. இன்று தோன்றியது என்பதனால் மாத்திரம் ஒன்று தீதாகிவிடாது என்பது அவர் கருத்து. அன்று புதுநூல் செய்தவர், பழமை பாராட்டுவோரை நோக்கிச் சொன்னார். இன்று பழநூல் கற்பிக்கும் நாம், புதுமை பாராட்டுவோரை நோக்கி அதே நியாயத்தைத் திருப்பிச் சொல்லலாம். நியாயம் இருபக்கமும் கூருடைய வாள். பழமைவாதியும் புதுமைவாதியும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். ஒருவர் வயதைப் பார்த்து வணங்குகிறார். மற்றவர் வயதைப் பார்த்து வைகிறார். இருவரும் பொருளைப் பார்க்கவில்லை.

நான்கு வினாக்கள்

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வகுப்பிலே மாணவர் 'ஓல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்ட இடமெல்லாம் 'பழைய' என்று எழுதுகின்றனர். அதனைப் பிழையென்று கோடிட்டு விடுவதோடு நில்லாது, அதனையே ஒரு பாடமாக்குங்கள். ஆளானால் முதியவர்; நண்பரானால் நெடுநாளையவர்; நகரானால் தொன்னகர்; மொழியானால் முதுமொழி; சட்டையானாற் பழஞ்சட்டை; சோறானாற் பழஞ்சோறு. முதியவரைப் பழையவர் என்றால் அவர் கோபிப்பார். பழஞ்சோற்றை முதுசோறு என்றால் ஊரே சிரிக்கும். 1842 இல் மானிப்பாயில் அச்சிட்ட தமிழகராதியால் புகழ்பெற்ற நாடு இது. யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த வின்சுலோ 1862 இல் வெளியிட்ட அகராதியிலே அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. அத்தனை சொற்களை அடுக்கிவைத்த நாட்டிலே, பிள்ளைகள் ஒரே ஒரு சொல்லோடு உலகத்தை எடைபோடலாமா?

மாணவர்க்கும் ஒன்று. எதனையேனும் பழசு என்று சொல்ல நா எழும்போது நான்கு வினாக்களை எழுப்புக. இது பழுதுற்றதா? ஆயின் பழுதின் பெயரைச் சொல். திருத்த முடியுமா என்று பார். இது வழக்கொழிந்ததா? ஆயின் அதற்குரிய மரியாதையோடு ஏட்டிலும் காட்சிச்சாலையிலும் சேர்த்துவை. இது தீயதா? ஆயின் வயதைச் சொல்லாதே, தீமையைச் சொல், துணிந்து விலக்கு. இம்மூன்றும் இல்லையா? ஆயின் அது உனக்குப் பழக்கமில்லாதது, அல்லது உன் தோழருக்குப் பிடிக்காதது, அவ்வளவே. அந்நிலையில், "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொல்லிவிடு. அது நேர்மை. பிடித்தலும் பிடியாமையும் உன் உரிமை. பிடியாமையைப் பொருளின் குற்றமாக மாற்றி எழுதுவது உன் உரிமையன்று.

முன் முளைத்த செவியைப் பின் முளைத்த கொம்பு மறைக்கும் என்பார்கள். கொம்பு அழகுதான், வேண்டியதுந்தான். ஆனால் கேட்பது செவி. கொம்பின் பெருமையிற் செவியை அறுத்தெறிந்த மாடு, தன்னை அழைக்கும் குரலையும் கேளாது, தன்னைத் தொடர்ந்து வரும் ஆபத்தையும் கேளாது. நமக்கு அந்நிலை வரவேண்டாம்.